எழுதுவதற்கு முன் வாசித்தவர்கள்

அண்ணல் அம்பேத்கரின் 'சூத்திரர்கள் யார்?' நூல் 1946-இல் வெளிவந்தது. தன்னை நோக்கி வரப்போகும் ஒரு கேள்வியை அதன் முன்னுரையில் அவரே எடுத்து வைத்துப் பதில் சொல்கிறார். வேதங்களையும் சாத்திரங்களையும் ஆராய்ந்து எழுத உனக்கு என்ன தகுதி, உனக்குச் சமஸ்கிருதம் தெரியாதே என்பதுதான் அந்தக் கேள்வி. சமஸ்கிருதத்தில் தனக்குப் புலமை இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இது தொடர்பான நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்புகளில் 15 ஆண்டுகள் படித்திருப்பதாகவும், சுமாரான அறிவுள்ளவருக்கும் அந்தப் படிப்பு போதிய தகுதியைக் கொடுத்துவிடும் என்றும் அவர் சொல்கிறார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டமும் லண்டனின் டி.எஸ்சி. பட்டமும் அப்போது அவர் கையில் இருந்தன. இந்த இடத்தில் அவர் அவற்றை முன்னால் வைக்கவில்லை, 15 ஆண்டு வாசிப்பை வைத்தார். சிறுவனாகப் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியவர் அவர். தீண்டத்தகாதவன் என்று சொல்லி அந்தப் பாடம் மறுக்கப்பட்டது. பாரசீக மொழியை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வகுப்பறையில் மறுக்கப்பட்டதை நூலகத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்.

படிப்பு வட்டங்களிலும் பயிற்சி முகாம்களிலும் இளம் தோழர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "நல்லா எழுதுறதுக்கு என்ன செய்யணும்?" நம்மிடையே கோபத்துக்கும் அனுபவத்துக்கும் பஞ்சமில்லை. துண்டறிக்கை, மனு, கள அறிக்கை, முகநூல் பதிவு என்று தினமும் எதையாவது எழுதிக்கொண்டும் இருக்கிறோம். அப்படி எழுதியதை யாராவது ஒருவர் ஆதாரம் கேட்டு மடக்கும்போது பல எழுத்துகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கேள்விக்கான பதில் நம் வரலாற்றில் இருக்கிறது. நம்முடைய எழுத்தாளர்கள் எல்லோரும் முதலில் வாசகர்களாக இருந்தார்கள். நேரம் கிடைத்தபோது படித்தவர்கள் அல்ல அவர்கள், நேரத்தை உண்டாக்கிக்கொண்டு படித்தவர்கள்.

படிக்காதே என்ற கட்டளை

வாசிப்பை ஒரு நல்ல பழக்கம் என்ற அளவில் பேசிவிட்டுப் போக நம்மால் முடியாது. வேதம் ஓதுவதைக் காதால் கேட்ட சூத்திரருக்கே என்ன தண்டனை என்று கௌதம தர்மசூத்திரம் எழுதிவைத்திருக்கிறது: காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். கேட்பதற்கே இது என்றால், படிப்பதையும் படித்ததை எதிர்த்து எழுதுவதையும் அந்தச் சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் புத்தகம் மறுக்கப்பட்டது தற்செயல் அல்ல. படித்தவர் எழுதுவார், எழுதினால் கேள்வி வரும் என்பது மறுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர்கள் அஞ்சியது 1855-இல் புனேயில் நடந்தது. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாய் பூலேயும் 1848-இல் அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மகர், மாங் சாதிப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தார்கள். அவர்களிடம் படித்தவர் முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி. 14 வயதில், மூன்று ஆண்டுப் படிப்புக்குப் பிறகு, மாங்கு, மகர் மக்களின் துயரங்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். 'ஞானோதயா' என்ற மராத்தி இதழ் அதை வெளியிட்டது. இந்தியாவில் தலித் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

அந்தக் கட்டுரையின் நடுவே ஒரு தர்க்கம் இருக்கிறது. வேதம் பிராமணர்களுக்கு மட்டுமே சொந்தம் என்றால், அதைப் பார்ப்பதற்குக்கூட எங்களுக்கு உரிமை இல்லை என்றால், எங்களுக்கு வேதப் புத்தகம் இல்லை என்றுதானே ஆகிறது? புத்தகம் இல்லாதவர்களுக்கு மதம் எது? இப்படிக் கேட்கிறார் அந்தச் சிறுமி. எதிராளி சொன்ன வாக்கியத்தையே எடுத்து, அதன் முடிவு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறார். கூடவே, தலைக்கு மேல் கூரை இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களின் நிலையையும் எழுதுகிறார்.

கூரையில்லாத வீட்டின் குளிர் அவருக்கு முன்பே தெரியும். அந்தக் குளிருக்கும் வேதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் திறன் அந்த மூன்று ஆண்டுகளில் வந்தது. அனுபவம் மட்டும் இருந்திருந்தால் அது அழுகையாக நின்றிருக்கும். படிப்பு சேர்ந்ததால் அது வாதமாயிற்று.

ஒரு பைசாவுக்கு ஒரு வாரம்

தமிழகத்துக்கு வருவோம். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பிறகு அது 'தமிழன்' ஆனது. 1914 மே 5-இல் அவர் மறையும் வரை, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், அந்த இதழில் வாரந்தோறும் எழுதினார். அரசியல், மருத்துவம், மதம், இலக்கணம், பண்டிகைகள், வாசகர் கேள்விக்குப் பதில் என்று ஒவ்வொரு வாரமும் பக்கங்களை நிரப்ப வேண்டும். உள்ளே சரக்கு இல்லாதவரால் ஏழு வாரம்கூட அப்படி எழுத முடியாது.

அவருக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? இயற்பெயர் காத்தவராயன். தனக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். பரம்பரையாக வந்த சித்த மருத்துவமும் ஓலைச்சுவடிகளும் அவருக்குப் பழக்கம். தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் சுவடியை எல்லிஸ் துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்த செய்தியை அவரே எழுதியிருக்கிறார். தாழ்த்தப்பட்டவர்களுக்கு எழுத்தும் ஏடும் கிடையாது என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஏடு இருந்தது என்று அச்சில் பதிவு செய்தார்.

அவர் வாசித்த முறையை நாம் கவனிக்க வேண்டும். மணிமேகலை, சீவகசிந்தாமணி, சூளாமணி, நிகண்டுகள், சித்தர் பாடல்கள், ஔவையின் நீதி நூல்கள் எல்லாம் அவருக்கு முன்பும் புலவர்கள் படித்த நூல்கள்தான். அவர்கள் அவற்றில் கவிச்சுவையையும் சமயத்தையும் பார்த்தார்கள். பண்டிதர் அதே நூல்களிடம் வேறு கேள்வியைக் கேட்டார்: இந்த நாட்டில் நாங்கள் யாராக இருந்தோம், எப்போது, யாரால் தாழ்த்தப்பட்டோம்? 'இந்திரர் தேச சரித்திரம்' அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்ற வாதமும், 'யதார்த்த பிராமணர்', 'வேஷ பிராமணர்' என்ற பிரிப்பும் அதிலிருந்து வந்தவை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கக் கண்டறிந்ததைக் கொண்டாடிய பௌத்த விழாவே தீபாவளி என்று அவர் விளக்கியதும் அப்படித்தான்.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய வரலாற்று ஆய்வு ஏற்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. சொற்களைப் பிரித்து அவர் தரும் விளக்கங்களில் பலவற்றை மொழியியல் அறிந்தவர்கள் ஏற்க மாட்டார்கள். நாம் கற்க வேண்டியது, கையில் கேள்வியோடு புத்தகத்தைத் திறக்கும் அந்தப் பழக்கத்தை.

இதழின் விலையிலும் ஒரு பாடம் இருக்கிறது. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலையை அவர் தன் இதழின் பெயரிலேயே போட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பது அந்தக் காலத்து வழக்கம். ஒரு பிரதி பல காதுகளுக்குப் போகும். கோலார் தங்க வயலின் தமிழ்த் தொழிலாளர்கள் அந்த இதழின் உறுதியான வாசகர்கள். வாசித்தவர்கள் வாசகர்களாகவே நின்றுவிடவில்லை. பண்டிதர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1926-இல், 'தமிழன்' மீண்டும் வெளிவந்தபோது அது வந்தது கோலார் தங்க வயலிலிருந்து. ஆசிரியர் அப்பாதுரையார். சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் ஒரு பத்திரிகையைத் தாங்கியது என்றால் அங்கே முன்பு நடந்த வாசிப்பே அதற்குக் காரணம்.

பிறகு நீண்ட காலம் அந்தப் பக்கங்களைப் பொதுச் சமூகம் மறந்திருந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் நம் தலைமுறைக்கு அவை முழுதாகக் கிடைத்தன. எழுதியதைக் காப்பாற்றுவதும் வாசகர்களின் வேலைதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஓர் அறை, ஒரு விளக்கு

பாபாசாகேப்பின் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது, அவர் பிறவி மேதை, நமக்கு அது வராது என்று ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையல், தூக்கம், படிப்பு எல்லாம் அதற்குள்தான். மகன் மாலையில் சீக்கிரம் படுத்துக்கொள்வான். தந்தை ராம்ஜி சக்பால் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து அவனை எழுப்பிவிட்டு, பிறகு அவர் படுப்பார். மகன் விடியும் வரை விளக்கடியில் படிப்பான். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் காசு இல்லாதபோது, ராம்ஜி கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். ஆக, அம்பேத்கரின் வாசிப்புக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் தூக்கமும், சகோதரிகளின் நகையும் இருந்தன.

1907-இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கேலூஸ்கர் என்ற ஆசிரியர் தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கவனித்துப் பழக்கம் ஏற்படுத்திக்கொண்டவர் அவர். அந்த ஒரு புத்தகம் தொடங்கி வைத்த பயணம் 1956 நாக்பூர் வரை போயிற்று.

1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையில் நியூயார்க் சென்றார். அங்கே பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி ஏறத்தாழ 2,000 புத்தகங்கள் சேர்த்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். 1916 மே மாதம், 25 வயதில், ஒரு மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். நம் மாணவர்கள் அந்தக் கட்டுரையை அதன் கருத்துக்காக மட்டுமல்லாமல் அமைப்புக்காகவும் ஒருமுறை படிக்க வேண்டும். செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று சாதிக்கு வரையறை கொடுத்த நால்வரை அவர் வரிசையாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொருவரும் எதைச் சரியாகப் பிடித்தார், எதைத் தவறவிட்டார் என்று பார்க்கிறார். பிறகுதான் அகமணமே சாதியின் சாரம் என்ற தன் முடிவுக்கு வருகிறார். பிறர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசியவர் என்பதால் அந்தக் குரலை இன்றுவரை யாராலும் ஒதுக்க முடியவில்லை.

1917-இல் நாடு திரும்பும்போது அவருடைய சாமான்கள் வேறொரு கப்பலில் வந்தன. உலகப் போர்க் காலம். அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. சேர்த்த புத்தகங்களில் பலவும் கடலோடு போயின. அவர் மறுபடியும் சேர்க்கத் தொடங்கினார். 1920-இல் லண்டனுக்குத் திரும்பிச் சென்றபோது பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் மூடும் நேரத்தில்தான் எழுந்திருப்பார். வயிற்றுக்குப் போதிய சாப்பாடு இல்லாத நாட்கள் அவை. பின்னாளில் பம்பாய் தாதரில் 'ராஜகிருகம்' என்ற வீட்டைக் கட்டியபோது, புத்தகங்களை வைப்பதற்கு இடம் வேண்டும் என்பதே முக்கியமான காரணம்.

வாசிப்பின் வேகத்தில் எழுத்தை அவர் தள்ளிப்போடவும் இல்லை. 1920-இல் 'மூக்நாயக்', 1927-இல் 'பகிஷ்கரித் பாரத்', 1930-இல் 'ஜனதா' என்று பத்திரிகைகள் தொடர்ந்து வந்தன. 'பகிஷ்கரித் பாரத்'தின் பெரும்பகுதியை அவரே எழுதினார். நூலகத்தில் சேர்த்தது மக்களுக்கான பத்திரிகையில் இறங்கியது.

1936-இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையின் அச்சுப்படியைப் பார்த்ததும் வேதங்களையும் இந்து மதத்தையும் பற்றிய பகுதிகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மாநாடு ரத்தானது. உரையைத் தன் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். இரண்டு மாதங்களில் தீர்ந்துபோயின. அதுதான் 'சாதி ஒழிப்பு'. பெரியாரின் 'குடி அரசு' வழியாக அது விரைவில் தமிழுக்கும் வந்தது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று நிற்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த உரையின் ஒவ்வொரு வாதத்துக்கும் அடியில் படித்த பக்கங்கள் இருந்ததால் அவரால் அப்படி நிற்க முடிந்தது. காந்தி 'ஹரிஜன்' இதழில் அதை விமர்சித்தபோது, அந்த விமர்சனத்தையும் தன் பதிலையும் சேர்த்தே 1937-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். எதிராளியின் எழுத்தைத் தன் புத்தகத்துக்குள்ளேயே அச்சிட்டு வாசகர் முன்னால் வைக்கும் தைரியமும் அந்த வாசிப்பு கொடுத்ததுதான்.

ஒரு பெயர், பல நூல்கள்

தொடர்ந்து வாசிப்பது எழுத்தை எப்படி உருவாக்குகிறது என்பதைத் தமிழில் ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நந்தனாரை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலருக்கு அந்தக் கதை சினிமாவிலிருந்தோ பாட்டுக் கச்சேரியிலிருந்தோ பள்ளிப் பாடத்திலிருந்தோ தெரியும். கொடுமைக்கார வேதியர், நாற்பது வேலி நிலம், சிதம்பரம், தீ. இவ்வளவோடு ஒருவர் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் கோபமாக எழுதலாம். அதற்கு மேல் ஓடாது.

இப்போது நூல்களை வரிசையாக வாசிப்போம். சுந்தரர் தன் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப் போவார்' என்று பெயரை மட்டும் சொல்கிறார். கதை இல்லை. அவருக்குப் பின் வந்த நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் ஆதனூரையும் அவருடைய பிறப்பையும் சேர்க்கிறார். 'புலை' நீங்கி முனிவரானார், தில்லையார் கைகூப்பினார்கள் என்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதை விரிவான வரலாறாக்குகிறார். சேரியின் காட்சி வருகிறது, தீயில் இறங்குவது வருகிறது. ஆனால் அந்தக் கொடுமைக்கார வேதியர் சேக்கிழாரிடம் இல்லை! அவரைக் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் 'நந்தன் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசர் எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறார். அவருக்கு நந்தன் ஒரு பௌத்த அரசன், வேஷ பிராமணர்களின் சூழ்ச்சியில் மாண்டவன். 1948-இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்குகிறார்.

வாசித்து முடித்தவர் கையில் இப்போது என்ன இருக்கிறது? ஒரு கதை எப்படி வளர்ந்தது, பண்ணையடிமை முறையின் முகம் எப்போது உள்ளே நுழைந்தது, தூய்மையாவதற்குத் தீ ஏன் தேவைப்பட்டது, ஒருவர் அரசனாகப் படித்ததை இன்னொருவர் ஏன் அடியாராகவே வைத்துக்கொண்டார் என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. 'என்ன எழுதுவது' என்ற பிரச்சினையே இல்லை. கோபமும் எங்கும் போய்விடவில்லை. எந்த நூற்றாண்டின் எந்தப் பக்கத்தில் கைவைக்க வேண்டும் என்று இப்போது அதற்குத் தெரிகிறது.

எழுத்தில் நழுவும் நீதி

இது இலக்கியம் படிப்பவர்களுக்கான விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். களப்பணியில் நம்மிடம் வரும் புகார் மனுக்களைப் பாருங்கள். 'சாதியைச் சொல்லி மிகவும் கேவலமாகத் திட்டினார்கள், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்பதோடு பல மனுக்கள் முடிந்துவிடும். நடந்தது உண்மை, வலியும் உண்மை. ஆனால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லால், யார் யார் காதில் விழ என்பது மனுவில் இருக்காது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டும் பொதுப்பார்வையில் உள்ள இடத்தில் நடந்த அவமதிப்பையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் பற்றியவை. நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாதபோது சொன்னது அதற்குள் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நாம் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் தெருவில் பத்துப் பேர் முன்னால் நடந்த ஒன்றை, தெரு என்றும் பத்துப் பேர் என்றும் எழுதாமல் விட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம். முதல் தகவல் அறிக்கையில் விட்டுப்போன வரியைப் பிறகு விசாரணையில் சேர்த்தால், புதிதாக ஜோடித்தது என்பார்கள்.

நான்கு தீர்ப்புகளையும் இரண்டு உண்மையறியும் குழு அறிக்கைகளையும் நிதானமாகப் படித்த ஒருவர் இந்த வரியை விட மாட்டார். யாரும் அவருக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இடம், நேரம், சொல், சாட்சி என்ற வரிசை படிக்கப் படிக்கத் தானாகவே கையில் வந்துவிடும். மொழி நமக்குள் போவது இப்படித்தான். இலக்கண விதியாகக் கற்றதைவிட, பலமுறை கண்ணில் பட்ட வாக்கியத்தின் அமைப்பே எழுதும்போது துணைக்கு வருகிறது.

நாளுக்கு அரை மணி

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்தது போல எல்லோரும் உட்கார முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நலவிடுதியில் ஓர் அறையில் பலரோடு நெருக்கியடித்துப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அடுப்படி காத்திருக்கும் பெண் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'அண்ணலைப் போலப் படி' என்று சொல்வது அறிவுரை ஆகாது, அதட்டல்தான். ஆகவே சாத்தியமானதைப் பேசுவோம். நாளுக்கு அரை மணி. விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, தினமும் அரை மணி மேல்.

எதைப் படிப்பது? மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, நம்மவர்கள் எழுதியது: அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறு, அம்பேத்கர் தொகுதிகள், பாமா, ராஜ் கௌதமன். இரண்டு, நமக்கு எதிராக நிற்கும் நூல்களும் நம்மை ஆளும் சட்டங்களும் தீர்ப்புகளும். மனுஸ்மிருதியைப் படிக்காமல் திட்டுபவரைவிட, படித்துவிட்டு அத்தியாயத்தைச் சொல்லிக் கேட்பவரைத்தான் அவர்கள் அஞ்சுவார்கள். மூன்று, கவிதையும் கதையும். வாதம் சரியாக இருந்தும் வறண்டுபோன எழுத்தை யாரும் இரண்டாவது பக்கம் திருப்ப மாட்டார்கள். மொழியில் ஈரம் வேண்டுமென்றால் இலக்கியம் படித்தாக வேண்டும்.

ஆங்கிலம் வரவில்லையே என்று தயங்க வேண்டாம். மொழிபெயர்ப்பில் படித்துத்தான் 'சூத்திரர்கள் யார்?' எழுதப்பட்டது. அம்பேத்கரின் எழுத்துகள் தமிழில் பல தொகுதிகளாகக் கிடைக்கின்றன.

எப்படிப் படிப்பது? அம்பேத்கரின் புத்தகங்களில் பல இன்றும் பம்பாய் சித்தார்த்தா கல்லூரியில் இருக்கின்றன. அவருடைய ஆசிரியர் ஜான் டூயியின் நூல்களில் அவர் போட்ட அடிக்கோடுகளை ஆய்வாளர்கள் இன்றைக்கும் உட்கார்ந்து படிக்கிறார்கள். நம் நூலகப் புத்தகத்தில் கோடு போட முடியாது, ஆனால் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தின் பெயர், பக்க எண், அதில் சொன்னது என்ன, அதற்கு நம் கேள்வி என்ன என்று நான்கு வரி போதும். மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை நான்கு பேர் கூடி ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். கோலார் தங்க வயலில் வேலை முடிந்து வந்தவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். எழுதியதையும் அப்படியே உரக்க வாசித்துப் பாருங்கள். மூச்சு எங்கே தடுக்கிறதோ அங்கே வாக்கியத்தில் பிழை இருக்கிறது.

வாசிப்பைத் தனிமனித முயற்சியாக மட்டும் விட்டுவிடவும் கூடாது. பொது நூலகங்களுக்கென்று சுதந்திர இந்தியாவில் முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1948-இல். ஆனால் நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே நம் பிள்ளைகள் தயங்காமல் போய் உட்கார முடிகிறதா, அலமாரியில் என்ன நூல்கள் இருக்கின்றன என்பவை இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள். குடிநீர், சுடுகாட்டுப் பாதை என்று மனு எழுதும்போது நூலகத்தையும் ஒரு கோரிக்கையாகச் சேர்ப்போம். வீட்டைப் புத்தகங்களுக்காகக் கட்டிய தலைவர், 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கவும் காரணமாக இருந்தார். தான் படித்தது போதும் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

முக்தா சால்வேக்கு மூன்று ஆண்டுப் படிப்பு. பண்டிதருக்கு ஏழு ஆண்டுகள், வாரம் தவறாத இதழ். பாபாசாகேப்புக்கு ஒரே ஒரு நூலுக்காக 15 ஆண்டுகள். அவரவர் கணக்கை அவரவர் தொடங்க வேண்டியதுதான். இன்று இரவு படுப்பதற்கு முன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தேதியையும் புத்தகத்தின் பெயரையும் எழுதுங்கள்.

ஜெய் பீம்.